லா கட்டைக்குள் ஒரு குழந்தை

ஞானகிரிக் கல்லூரியின் பாட்டு ரூமில் கிடக்கிற பெரிய பியானோவின் நடு லா சுரத்துக் கட்டைக்குள் எமீமாவின் கைக்குழந்தையுடைய குரல் போய்க் குடியேறியது ஆடிக்காற்று அடங்கின ஒரு புதன்கிழமை மத்தியானம், லோயிஸ் டீச்சர் இடது கைப் பயிற்சியை மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது. அதை முதலில் கண்டுபிடித்தவள் எமீமா அல்ல, அவள் நாத்தனார் ஹெப்சிபா, நடந்த எல்லாவற்றிலும் அதுதான் மோசமானதாக எமீமாவுக்குப் பட்டது.

எமீமா படித்தது கான்வென்ட்டில். அங்கே பியானோ அறைக் கதவு எந்நேரமும் சாத்தியே கிடக்கும், சாத்தின கதவுக்குப் பின்னாலிருந்து சிஸ்டர்மார் தேர்ந்தெடுத்த நாலைந்து பெரிய வீட்டுப் பிள்ளைகள் வாசிக்கிற சத்தம் மட்டும் வழியும், அவள் கணக்கு வகுப்பில் உட்கார்ந்து டெஸ்க்கின்மேல் விரல்களை ஓசையில்லாமல் ஓட்டுவாள். கல்யாணமாகி, விலங்கியல் வாத்தியாரான கிங்ஸ்லியின் பின்னே கல்லூரி வளாகத்து வீட்டுக்கு வந்து, பிள்ளையும் பிறந்து, வெளிப் பெண்களுக்கும் மத்தியானங்களில் தனியாகப் பியானோ சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, அந்தப் பழைய டெஸ்க் எங்கிருந்தோ வந்து அவள் விரல்களுக்குக் கீழே நின்றது.

"படியேன்," என்றான் கிங்ஸ்லி, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "ஆனா தனியா போவாண்டாம். ஹெப்சியும் வரட்டும், துணைக்கு."

துணைக்கு வந்தவள்தான் ஹெப்சிபா. கிங்ஸ்லியின் தங்கை, அதே கல்லூரியில் இரண்டாம் வருஷம், சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தாளம் போடாமல் வைக்கத் தெரியாதவள். லோயிஸ் டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு: வாசிக்கிறவளின் புறங்கையில் ஒரு புளிப்பு மிட்டாயை வைப்பார், மணிக்கட்டு ஆடாமல், மிட்டாய் விழாமல் பாட்டை முடித்தால் மிட்டாய் அவளுக்கு, விழுந்தால் டீச்சருக்கு. ஹெப்சிபா முதல் வாரமே வாயில் மிட்டாயோடு வீட்டுக்கு வந்தாள். எமீமாவின் மிட்டாய்கள் ஒவ்வொரு தடவையும் உருண்டு விழுந்தன, ஒவ்வொரு தடவையும் லோயிஸ் டீச்சர் அதை எடுத்து ஊதி, வாயில் போட்டுக்கொண்டு, "அடிக்காத எமீமா, அமுக்கு. கட்டை உனக்கு என்ன துரோகம் பண்ணிச்சு?" என்று கேட்பார்.

பால்குடி மாறாத பிள்ளை நித்திலாவை மாமியாரிடம் வெகுநேரம் விட்டுவிட்டுப் போக முடியாது, கையில் வைத்துக்கொண்டு வாசிக்கவும் முடியாது. பாட்டு ரூமில் தொட்டில் கட்ட விட்டம் இல்லை. அதனால் பியானோவின் மேல் போடுகிற தடித்த பச்சைப் போர்வையை நாலாக மடித்து, பியானோவுக்கு அடியில், அதன் மூன்று கால்களுக்கு நடுவே விரித்து, அதில் பிள்ளையைக் கிடத்துவாள் எமீமா. தலைக்கு மேலே பலகை முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும், பிள்ளை கொஞ்ச நேரம் அழும், அழுகையும் பாட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், பிறகு தூங்கிப்போகும். அந்தப் புதன்கிழமை அழுகை திடீரென்று நின்றபோது தூங்கிவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்போது ஹெப்சிபாவின் முறை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, நடு லாவை அமுக்கினாள்.

பியானோ சிரித்தது.

வயிற்றில் ஊதினால் பிள்ளைகள் சிரிக்குமே, மூச்சு வாங்கி, விக்கி, கடைசியில் ஒரு கீச்சலோடு முடிகிற அந்தச் சிரிப்பு. "மதினி, இது நம்ம நித்திலால்லா!" என்று ஹெப்சிபா மறுபடி அமுக்கினாள், மறுபடி சிரித்தது. எமீமா குனிந்து பியானோவுக்கு அடியில் பார்த்தாள். பிள்ளை விழித்துக் கிடந்தது, வாய் சிரிப்புக்குத் திறந்திருந்தது, வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

"தள்ளு," என்று ஹெப்சிபாவைத் தள்ளிவிட்டு எமீமா தானே அந்தக் கட்டையை அமுக்கினாள். பிள்ளையின் அழுகை கேட்டது. அதுவும் சும்மா அழுகை அல்ல, தடுப்பூசி போட்ட அன்றைக்கு அழுத அழுகை, ரூம் ஜன்னலெல்லாம் நடுங்குகிற மாதிரி. பியானோவுக்கு அடியில் பிள்ளையின் முகமும் கோணிக்கொண்டது.

லோயிஸ் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சரி, சுருதி விலகலை," என்றார். "ஹெப்சிபா, முதல்லருந்து வாசி."

இதைக் கேட்டு ஞானகிரி திடுக்கிட்டுப் போனது என்று சொல்ல முடியாது. அந்த ஊரில் எது நடந்தாலும் முதலில் அதற்கு ஒரு கமிட்டி போடுவார்கள், கமிட்டி டீ குடித்து முடிப்பதற்குள் நடந்தது பழகிவிடும். கல்லூரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா பிள்ளையின் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, "தொண்டைல ஒண்ணுமில்ல. குரல் எங்க போச்சுன்னு தெரியாம தேடுதவங்க எத்தனை பேர் இருக்காங்க. ஒங்க பிள்ளைக்குக் குரல் பத்திரமா ஒரு இடத்துல இருக்கு," என்று தேற்றி அனுப்பினார். பியானோ சரிபண்ணுகிறவரைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார்கள். அவர் சுருதி பார்க்கிற தன் இரும்புக் கவையை முழங்காலில் தட்டிக் காதில் வைத்து, லாவை அமுக்கி, அது கொட்டாவி விட்டதைக் கேட்டு, "சுத்தமா இருக்கு, நான் கை வைக்க மாட்டேன்," என்று சாப்பிட்டுவிட்டுப் போனார். பிரின்சிபால் அமுக்கினால் அது விக்கியது. போதகர் அமுக்கினால் தும்மியது, அவர் அன்றே தும்மலை வைத்து ஒரு பிரசங்கம் எழுதினார். கிங்ஸ்லி வந்து வெட்கப்பட்டுக்கொண்டே அமுக்கினான், பால் குடித்து முடித்த பிள்ளையின் ஏப்பம் கேட்டது, "நம்ம பிள்ளைதான்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டான். தூங்காத பிள்ளைகளை வைத்திருக்கிற தாய்மாரெல்லாம் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்து தங்கள் பிள்ளைகளைப் பச்சைப் போர்வையில் கிடத்திப் பார்த்தார்கள். அவை போர்வையை நனைத்ததைத் தவிர எந்தக் கட்டையிலும் ஏறவில்லை. பியானோவின் கீழ் குழந்தைகளைக் கிடத்தக் கூடாது என்று லோயிஸ் டீச்சர் போர்டு எழுதித் தொங்கவிட்டார்.

இப்படி ஊர் முழுக்க அமுக்கினாலும் ஹெப்சிபா அமுக்கினால்தான் சிரிப்பு, எமீமா அமுக்கினால்தான் அழுகை. இதற்கு மட்டும் மாற்றமே இல்லை.

காய்க்காரி வந்து கூடையை இறக்கும்போதே ஆரம்பிப்பாள். "அழாத பிள்ளையா பெத்து வச்சிருக்கிய. நான் அஞ்சு பெத்தேன், அஞ்சும் ஊரக் கூட்டிச்சு."

"அழுவுதா அக்கா. சத்தம்தான் இல்ல."

"சத்தமில்லாம அழுதா அது அழுகையா? குடுத்து வச்சவதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, கத்தரிக்காயைத் தராசில் போட்டுக்கொண்டே, "ஆனா பெத்தவ தொட்டா அழுது, அத்தை தொட்டா சிரிக்குதாமே. அது என்ன கூத்து?" என்பாள்.

எமீமா குடுத்து வச்சவளாக ராத்திரிகளைக் கழித்தாள். பிள்ளை பசித்து அழுதாலும் தெரியாது, புரண்டு மூக்கு அடைத்தாலும் தெரியாது, தான் கண்ணசந்த நேரத்தில் ஒரு வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்குமே என்கிற பயத்தில் அவளுக்குத் தூக்கம் என்பதே அரைத்தூக்கமாகிவிட்டது. முத்து நிறைய வைத்த வெள்ளிக் கொலுசு வாங்கி இரண்டு காலிலும் மாட்டினாள். உதைத்தால் கேட்கும். சிரித்தாலும் உதைக்கும், அழுதாலும் உதைக்கும், அது சிரிப்பா அழுகையா என்று லைட்டைப் போட்டு முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்; அவள் லைட்டைப் போடுகிற ஒவ்வொரு தடவையும் அழுகையாகவே இருந்தது.

அதனால் பயத்தைவிடப் பெரிதாய் ஒன்று அவளுக்குள் வளர்ந்தது, அதற்குப் பெயர் சொல்ல அவளுக்கு வெட்கமாயிருந்தது, ஜெபத்தில்கூட அதைச் சுற்றிச் சுற்றி வந்தாளே ஒழிய நேராகச் சொல்லவில்லை. பாட்டு ரூம் காலியாக இருக்கிற நேரம் பார்த்துத் தனியே போய் அந்தக் கட்டையின் முன்னால் உட்காருவாள். மெதுவாக அமுக்கிப் பார்த்தாள், அழுதது. தாலாட்டு பாடிக்கொண்டே அமுக்கினாள், அழுதது. ஹெப்சிபாவைப் போலச் சுண்டுவிரலைத் தூக்கி வைத்துக்கொண்டு அமுக்கினாள். ஹெப்சிபாவின் பவுடரை அவள் டப்பாவிலிருந்தே எடுத்துக் கழுத்தில் அப்பி, அவள் நீல துப்பட்டாவைப் போட்டு, அவள் செய்கிற மாதிரியே புளிப்பு மிட்டாயை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி அமுக்கினாள். பியானோ ஒரு கணம் யோசித்தது. பிறகு, ஏமாற்றப் பார்த்தாயே என்கிற மாதிரி, முன்னெப்போதையும்விடப் பெரிதாக அழுதது.

வெளியே வந்தால் வாசலில் ஹெப்சிபா நின்றுகொண்டிருந்தாள். துப்பட்டாவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எமீமாவுக்குத் தாங்கியிருக்கும்.

"நீங்க அதப் பாத்துப் பயப்படுதிய மதினி," என்றாள் ஹெப்சிபா. "நான் சும்மா கைய வைக்கேன், அது சிரிக்கி. நீங்களும் சும்மா வைங்க."

"சும்மா வைக்க நான் யாரு, அத்தையா?"

ஹெப்சிபா சிரித்தாள். பொல்லாத சிரிப்பு இல்லை அது, அதனாலேயே எமீமாவுக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

டிசம்பர் பிறந்ததும் கல்லூரியில் கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கும் கீத ஆராதனைக்கும் கமிட்டி கூடியது. வருஷா வருஷம் குடிலில் ஒரு பொம்மையைத்தான் கிடத்துவார்கள். இந்த வருஷம் கர்த்தரே ஒரு குரலைக் கொடுத்திருக்கும்போது பொம்மை சும்மா கிடக்கலாமா என்று பிரின்சிபால் கேட்டார். மேய்ப்பர்கள் வந்து முழங்கால் போடும்போது பாலன் சிரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சிரிக்க வேண்டுமென்றால் பியானோவில் யார் உட்கார வேண்டும் என்பதை யாரும் விவாதிக்கவில்லை.

எமீமா மூன்று மாதமாக ஒரே ஒரு கீதத்தைப் பயிற்சி செய்து வைத்திருந்தாள், நடு லா வராத கீதமாகப் பார்த்து டீச்சரே எடுத்துக் கொடுத்தது, மிட்டாய் விழாமல் வாசிக்கிற அளவுக்கு வந்திருந்தாள். "டீச்சர், அந்த ஒரு பாட்ட மட்டும் நான் வாசிக்கட்டுமா?"

"நடுவுல ஆள் மாறுனா நல்லாருக்காதும்மா. எல்லாத்தையும் ஹெப்சிபாவே வாசிச்சிரட்டும்," என்றார் லோயிஸ் டீச்சர், அவள் தோளைத் தட்டி. "நீ பிள்ளைய வச்சுக்கிட்டு முன் பெஞ்சுல உக்காரு. பிள்ளைக்கு அம்மா வேணும்லா."

ஆராதனை நாள் மத்தியானம், அலங்காரக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், மேடைக்கு நகர்த்தி வைத்திருந்த பியானோவின் மூடியைத் தூக்கி எமீமா உள்ளே பார்த்தாள். கம்பிகள் வரிசையாய்ப் படுத்திருந்தன, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சின்னச் சுத்தியல், பஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு. லாவின் சுத்தியலை அடையாளம் கண்டுபிடித்து, அதற்கும் கம்பிக்கும் நடுவே, நித்திலாவின் பழைய ஃபிளானல் சட்டையில் கிழித்த துண்டொன்றை மடித்துச் செருகினாள். யாருக்கும் கேட்க வேண்டாம். எனக்குச் சிரிக்காதது யாருக்கும் சிரிக்க வேண்டாம். இவ்வளவுதான் நினைத்தாள். மூடியை மெதுவாக இறக்கினாள். புறங்கையில் மிட்டாய் வைத்திருந்தால் விழுந்திருக்காது.

வீட்டுக்குப் போனால் மாமியார் பிள்ளையை நீட்டினார். "இன்னைக்கு ரொம்ப சமத்தா கிடந்தாட்டி. ஒரு உதை கிடையாது."

எமீமா பிள்ளைக்குப் புது கவுன் போட்டாள், கொலுசைத் துடைத்தாள், பொட்டு வைக்காத நெற்றியில் முத்தம் கொடுத்தாள், நெற்றி கொஞ்சம் குளிர்ந்திருந்தது. பனிக்காற்று என்று நினைத்துக் குல்லாய் போட்டுவிட்டாள்.

மண்டபம் நிறைந்திருந்தது, ஜன்னல்களிலெல்லாம் ஆள். ஹெப்சிபா வெள்ளைப் புடவையில், முதல்முறையாகப் புடவையில், பியானோவின் முன் உட்கார்ந்தாள், கிங்ஸ்லி எட்டி எட்டிப் பார்த்துத் தங்கைக்குக் கையசைத்தான், எமீமா முன் பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நடு லா வராமல் டீச்சர் பொறுக்கின கீதங்களில் முதலாவது முடிந்தது, இரண்டாவது முடிந்தது, எமீமாவின் கீதம் வந்தது, அதை ஹெப்சிபா புறங்கை அசையாமல் வாசித்தாள், எமீமாவின் விரல்கள் பிள்ளையின் முதுகில் கூடவே ஓடின. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: பாட்டென்றால் நித்திலா காலை உதைத்து ஆடும். கொலுசு சத்தமே போடவில்லை.

குனிந்து பார்த்தாள். பிள்ளையின் கண் திறந்திருந்தது. இமைத்தது. ஆனால் அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை, மேடை விளக்கு அதற்குள் விழுந்து அப்படியே கிடந்தது, குடிலில் கிடக்கிற பொம்மையின் கண்ணுக்குள் கிடப்பதைப் போல. "நித்தி," என்றாள். உள்ளங்காலில் கீறினாள். கால் மடங்கவில்லை. இப்போது எழுந்து ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் எழவில்லை. ஏனென்றால் மேய்ப்பர்கள் வந்துவிட்டார்கள், முழங்கால் போட்டுவிட்டார்கள், ஹெப்சிபாவின் விரல் லாவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நொடியை மட்டும் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குள்ளிருந்த அது, பெயர் சொல்லப்படாத அது, அவளைப் பெஞ்சோடு பிடித்து வைத்தது.

ஹெப்சிபா அமுக்கினாள். மரம் மரத்தில் மோதுகிற ஒரு சின்னச் சத்தம். மறுபடி அமுக்கினாள். மறுபடி. மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது, மேய்ப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஹெப்சிபாவின் காது சிவந்தது, எமீமா எத்தனையோ மாதமாய்ப் பார்க்க ஏங்கியது அதைத்தான். பார்த்தாள். மடியில் பிள்ளை இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

அவள் ஓடினாள். பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மேய்ப்பன் ஒருவனின் கோலைத் தட்டிவிட்டு, மேடையேறி, பியானோ மூடியை ஒரு கையால் நெட்டித் தூக்கித் தலையால் தாங்கி, உள்ளே தோள்வரை கைவிட்டு, ஃபிளானலை இழுத்தாள். அது வந்தது, கூடவே அவள் விரல் கம்பியில் கிழிந்து ரத்தமும் வந்தது. ஊர் முழுக்க அந்தத் துண்டுத் துணியைப் பார்த்தது. பிள்ளை அசையவில்லை.

"மதினி, நீங்களா?" என்றாள் ஹெப்சிபா.

"நான்தான். பொறவு கேளு. இப்ப அடி."

"நீங்க அடிங்க மதினி, நீங்கதான் அம்மா..."

"எனக்கு அழும்டி! உனக்குத்தான் சிரிக்கும். நீயே அடி. சிரிக்க வை, ஹெப்சி. உன்ட்டயே இருந்தாலும் இருக்கட்டும், சிரிக்க வை!"

ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டு நடு லாவின்மேல் விரலை வைத்தாள். அமுக்கினாள்.

லா கேட்டது. வெறும் லா. சிரிப்பில்லை, அழுகையில்லை, எந்தப் பியானோவிலும் இருக்கிற லா. அது மண்டபத்தின் கூரைவரை போய்த் திரும்பி வருவதற்குள் எமீமாவின் இடுப்பில் ஒரு கொலுசு சிணுங்கியது, இரண்டாவது கொலுசு சிணுங்கியது, நித்திலா வாயைத் திறந்து, மாதக்கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒன்றாய்க் கூட்டி, ஊர் இதுவரை கேட்டிராத ஒரு அழுகையை அழுதாள்.

மரியாளாக உட்கார்ந்திருந்த பெண் பயந்து எழுந்தேவிட்டாள். போதகர்தான், "நடக்கட்டும், நடக்கட்டும்," என்று கையமர்த்தினார். அந்த வருஷம் ஞானகிரியில் பாலன் இயேசு நாடகம் முடிகிறவரை அழுதார். பிறந்த பிள்ளை அழாமல் என்ன செய்யும் என்று ஊரும் அதை ஏற்றுக்கொண்டது.

பிறகு கொஞ்ச காலம் ஆட்கள் வந்து லாவை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனார்கள். "பெத்த பிள்ளைக்கே துணி அடச்சவ," என்று காய்க்காரி அவள் காதில் விழும்படியே சொன்னாள், எமீமா கத்தரிக்காயை மட்டும் பொறுக்கினாள். கிங்ஸ்லி பல நாள் அவளிடம் பேசவில்லை, பிறகு பிள்ளையின் அழுகையில் தூங்க முடியாமல் போனதால் சண்டை போட்டாவது பேச வேண்டியதாயிற்று. லோயிஸ் டீச்சர் எமீமாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார், ஆனால் பியானோ மூடிக்கு ஒரு பூட்டு போட்டுவிட்டார். ஹெப்சிபா மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பயிற்சி முடிந்து எல்லாரும் எழுந்தபின் அவள் ஒரு விரலால் லாவை அமுக்கி, காதைச் சாய்த்து, கொஞ்ச நேரம் காத்திருப்பாள்.

ஒரு சாயங்காலம் எமீமா அடுக்களையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். நடுவீட்டில் சிரிப்புச் சத்தம். மூச்சு வாங்கி, விக்கி, கீச்சலோடு முடிகிற அதே சிரிப்பு. ஹெப்சிபாவின் மடியில் நித்திலா, ஹெப்சிபா வயிற்றில் ஊதிக்கொண்டிருந்தாள். எமீமா ஈரக்கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள், அந்தப் பழையது நெஞ்சுக்குள் எழுந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, எங்கேயும் போயிருக்கவில்லை அது. நித்திலா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது, உதடு பிதுங்கியது, இரண்டு கையையும் நீட்டி ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"பாத்தியளா, ஒங்களக் கண்டதும்தான் அழுவுதா," என்றாள் ஹெப்சிபா. "என்ட்ட இருக்கும்போது ஒரு நாள் அழுதிருக்காளா? ஒரு நாள்? எனக்குன்னு ஒரு பொட்டுக் கண்ணீர் வராது இவளுக்கு."

எமீமா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கழுத்தில் ஈர முகம் புதைந்தது, சின்னக் கை முடியைப் பிடித்து இழுத்தது, அழுகை நேராகக் காதுக்குள் இறங்கியது. அதைக் கேட்டுக்கொண்டே அவள் நிமிர்ந்து ஹெப்சிபாவைப் பார்த்தாள். மடி காலியாகி, கை இரண்டும் நீட்டினபடியே நின்றுபோய், அழுகிற பிள்ளையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகம். எமீமாவுக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். தலைவாரும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுதான்.